ஐந்து மணி பஸ்

பகாவ் டவுனிலிருந்து வரவேண்டிய ஐந்து மணி பஸ் இன்னும் வரவில்லை. தோட்டத்தின் முள்கம்பி வேலிக் கேட்டருகே நின்று, செம்மண் சாலை ரப்பர் மரங்களுக்குள் வளைந்து மறையும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் பஞ்சாலை. காலையில் அந்தச் சாலை வழியாகத்தான் பிரிந்துவிட்ட புருஷன் சன்னாசி மகளைக் கூட்டிப் போனான். வள்ளியம்மா அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்.

சிரம்பான் கோர்ட்டில் வெள்ளைக்கார நீதிபதி சொன்னது பஞ்சாலைக்கு மனப்பாடம். பிள்ளை தாயிடம் இருக்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தகப்பன் கூட்டிப் போகலாம். சாயங்கால ஊரடங்குச் சட்ட நேரத்துக்கு முன்னால் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். சன்னாசி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டான். வெளியே படிக்கட்டுக்கு வந்ததும், “கோர்ட்டுல சொல்லிட்டா புள்ள ஒனக்காயிருமா?” என்று மெதுவாகக் கேட்டான். கத்தியிருந்தால் அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அவளை அடித்த நாட்களில்கூட அவன் குரலை உயர்த்தியதில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் அந்த ஞாயிறு வந்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. போர்டிக்சன் பக்கம் அவன் வேலை செய்யும் தோட்டத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டால் யார் போய்க் கேட்பது?

“உள்ள வா தங்கச்சி, கேட்டு சாத்தணும்” என்றான் காவலுக்கு நின்ற முனியாண்டி.

“பஸ்ஸு வரலையேண்ணே.”

“டயரு பஞ்சராயிருக்கும்லா.”

அவன் சொல்லி வாய் மூடவில்லை, குன்றுக்கு அப்பால் வெடிச் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு சடசடவென்று பல. முனியாண்டி அவளை உள்ளே இழுத்துவிட்டுக் கேட்டைச் சாத்திச் சங்கிலி போட்டான்.

“எம்புள்ள அந்த ரோட்டுலதான் வருது!”

“தொறந்தா ஒன் உசுரும் போயிரும், என் உசுரும் போயிரும். பேசாம இரு.”

சற்று நேரத்தில் மரங்களுக்கு மேலே கரும்புகை எழுந்தது. டயர் எரியும் நாற்றம் காற்றில் வந்தது. வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் காட்டுக்காரர்கள் பஸ்ஸை மறித்துக் கொளுத்துவது இது முதல் தடவையல்ல; போன தடவை டிக்கெட் கிழிப்பவனை ரோட்டோரத்திலேயே சுட்டுப் போட்டார்கள்.

பஞ்சாலை கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கையில் முள் ஏறியது தெரியவில்லை. “மாரியாத்தா, அவன் எம்புள்ளையத் திருடிக்கிட்டுப் போயிருக்கணும்” என்று முணுமுணுத்தாள். எது நடக்கக் கூடாதென்று கோர்ட்டுப் படி ஏறினாளோ, அதைத்தான் இப்போது வரமாகக் கேட்டாள். அவன் ஏமாற்றியிருக்க வேண்டும். பொய் சொல்லியிருக்க வேண்டும். அந்த பஸ்ஸில் மட்டும் ஏறியிருக்கக் கூடாது.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பேர் கூப்பிடும்போதே, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ராமகிருஷ்ணன் ஆபீஸ் வாசலிலிருந்து அவளைக் கைகாட்டி அழைத்தார். போர்டிக்சனிலிருந்து போன். அவள் அதுவரை போனைத் தொட்டதில்லை. அவரே காதில் வைத்துவிட்டார்.

“புள்ள எங்கிட்டதான் இருக்கு” என்றான் சன்னாசி.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நல்லாயிருப்பய்யா, நல்லாயிருப்ப” என்றாள்.

“அந்த ரோட்டுல இனி எம்புள்ளைய அனுப்ப மாட்டேன். நீ கேஸு போடு. பஸ்ஸு எரிஞ்ச சேதி ஜட்ஜுக்கும் தெரிஞ்சிருக்கும்லா.”

பஸ்ஸைத் தவறவிட்டு, அது எரிந்தது தெரிந்த பிறகு நின்றானா, காலையில் போகும்போதே திரும்பக்கூடாதென்று போனானா?  அந்த ரோட்டைப் பற்றி அவன் சொன்னதில் பொய்யும் இல்லை.

“புள்ளகிட்டக் குடு” என்றாள்.

போன் இரைச்சலுக்கு நடுவே ஒரு சின்ன மூச்சு கேட்டது.

“அம்மா, அங்க சுட்டாங்களாமே. நீ இருக்கியா?”

“இருக்கேன் தாயி.”

அதற்குள் லைன் அறுந்து இரைச்சலும் நின்றுபோயிருந்தது. பஞ்சாலை இரண்டு கையாலும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, “இருக்கேன், இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வாங்கி வைக்க நீட்டிய கையைக் கிராணி மெல்ல இழுத்துக்கொண்டார்.