ஜோனுக்குக் கொடுத்த பாதி

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கேப்சூல், தூக்கம் கெட்டாலும் சரி. டாக்டர் ரஷீதா சொன்னது அதுதான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. மரியஅந்தோணி ஆறுதான் விழுங்கினான். மீதி ஆறும் அவன் மனைவி ஜோனின் வயிற்றுக்குள் போயின. அது ஜோனுக்குத் தெரியாது.

அவன் சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர். எண்பத்தைந்தில் கூட்டாளிகளோடு தாய்லாந்தின் ஹாட்யாய் போய் மூன்று நாள் ஆட்டம் போட்டது எண்பத்தெட்டில் ரத்தத்தில் தெரிந்தது. எய்ட்ஸ் கிருமி என்றார்கள். அவனுக்கு முதலில் வந்த பயம் சாவைப் பற்றி அல்ல, கோயிலைப் பற்றி. ஞாயிறு பூசையில் பாட்டுக்குழுவை நடத்துபவள் ஜோன். சேதி வெளியே போனால் அவள் பக்கத்தில் நின்று யாரும் பாடமாட்டார்கள்.

மனைவியையும் கூட்டி வந்து ரத்தம் பார்க்கச் சொன்னார் டாக்டர். அடுத்த வாரம் என்றான். ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம்தான். கூட்டி வந்தால் காரணம் சொல்ல வேண்டுமே. தனக்கு இருந்தால் அவளுக்கும் இருக்கும், அதை வேறு குத்திப் பார்க்கணுமா என்று அவனே முடிவு கட்டினான். அவளைத் தொடுவதை நிறுத்தினான். மருந்தைப் பங்கு போட்டான்.

மூன்று வேளையும் காப்பி கலக்குவது அவன் வேலையாயிற்று. இரண்டு கேப்சூலைத் திருகித் தூளைக் கொட்டி, டின் பாலைத் தாராளமாக ஊற்றிக் கலக்குவான்.

“பதினாறு வருஷமா ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்ததில்ல. இப்ப என்ன லா திடீர்னு? எவளையாச்சும் வச்சிருக்கீங்களா?”

“வாய மூடிக் குடி டி.”

“வாய மூடிட்டு எப்படிக் குடிக்கிறதாம்? கசக்குதுங்க. தேக்காவுல அந்தக் கடையில இனிமே தூள் வாங்காதீங்க.”

குடித்து முடிக்கும்வரை நின்று பார்ப்பான். அந்த வருஷத்தில் தான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று நினைத்தான்.

மருந்து டப்பா கணக்காகக் காலியாகி வந்தது. அதனால் டாக்டருக்குச் சந்தேகம் வரவில்லை. “ஒழுங்காச் சாப்பிடுறீங்க. அப்புறம் ஏன் எதிர்ப்புச் சக்தி இறங்கிட்டே போகுது?” என்று காகிதத்தையே பார்த்தார்.

அவன் காப்பி கலக்கத் தொடங்கிய ஏழாம் மாதம், பூசை நடுவே ஜோன் பெஞ்சைப் பிடித்தபடி சரிந்தாள். உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பைக் குத்தி மஜ்ஜை எடுத்தார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று நாலு பேர் கேட்டார்கள். “தலைவலிக்குப் பனடால்கூடப் போடமாட்டேன்” என்றாள்.

மரியஅந்தோணி டாக்டர் ரஷீதாவிடம் ஓடிப் போய் எல்லாவற்றையும் கொட்டினான். அவர் ஜோனின் வார்டுக்குப் போன் போட்டார். வெகுநேரம் கேட்டுவிட்டு வைத்தார்.

“அவங்களுக்கு இந்தக் கிருமி இல்ல. ரெண்டு தடவ பாத்துட்டாங்க. ரத்தத்தக் குடிச்சது நீங்க குடுத்த மருந்து. நிறுத்தினா தேறிடுவாங்க.”

“எனக்கு?”

“பாதி மருந்துக்கு உங்க கிருமி பழகிடுச்சு போல. இனி முழுசாப் போட்டாலும் கேக்குமான்னு தெரியல. எங்கிட்ட வேற மருந்து இல்ல, மிஸ்டர் அந்தோணி. போய் அவங்ககிட்டச் சொல்லுங்க. இன்னிக்கே.”

ஜோனின் கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அவன் சொன்னான். ஹாட்யாய், கிருமி, தூள், ஒன்றையும் விடவில்லை.

“எனக்கு இல்லையா?”

“இல்ல.”

“ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே போய்க் கைய நீட்டியிருப்பேனே.”

“உனக்காகத்தான் ஜோன்…”

“எனக்காகவா? சொல்லப் பயந்தீங்க.”

“நான் செத்துடுவேன்டி.”

“தெரியுது.” குழாய் இழுபடாமல் மெல்ல மறுபக்கம் திரும்பினாள். “சிஸ்டர், திரைய இழுத்து விடுங்க. இவரு வெளிய நிக்கட்டும்.”

திரை மூடியது. அவன் இந்தப் பக்கம் நின்றான். எட்டு மணிக்குப் பார்வையாளர் நேரம் முடியும்வரை நின்றான். உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை.