தோற்பதற்காக இருபத்திரண்டாம் வருஷம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கட்டுரையாகத்தான் பிறந்தது. இருபத்திரண்டு வருஷமாக இழுத்தடிக்கப்பட்ட அந்த விண்வெளிப் படத்தின் இரண்டாம் பாகம் ஒருவழியாக வரப்போகிறது என்றதும் ஒரு வார இதழிலிருந்து கூப்பிட்டார்கள். "ரசிகர்களோட காத்திருப்பைப் பத்தி ஜாலியா நாலு பக்கம், சார்." அதற்காக நான் வெளியே எங்கும் அலையவேண்டிய அவசியம் இல்லை. வீட்டிலேயே என் அக்கா இருக்கிறாள்.

முதல் தொடக்கம் இப்படி அமைந்தது:

"மனித குலம் விண்மீன்களை அண்ணாந்து பார்த்த நாள் முதலாகவே..."

இதற்குமேல் எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. இரண்டாவது:

"என் அக்கா பல் டாக்டர். வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்களிடம்தான் அந்தப் படத்தைப் பற்றி விவாதிப்பாள். எதிர்த்துப் பேச ஒருவராலும் முடியாது."

பரவாயில்லை. இதிலிருந்து போவோம்.

2

படம் பார்க்காதவர்களுக்காக (அப்படியும் சிலர் நிம்மதியாக வாழ்கிறார்கள்): ஒரு விண்கலம். உள்ளே நாற்பது பேர். ஓரிடத்தில் ஓட்டை விழுந்து காற்று வெளியேறிக்கொண்டிருக்கிறது. நடைவழிக் கதவைச் சாத்தினால் நாற்பது பேரும் பிழைப்பார்கள். ஆனால் ஓட்டையை அடைக்கப்போன மெக்கானிக் கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறான். விண்கலம் ஓட்டும் பெண் நெம்புகோலில் கை வைக்கிறாள். திரை இருண்டுவிடுகிறது. அவ்வளவுதான் படம்.

சாத்தினாளா, இல்லையா? இதற்குப் பதில் சொல்லத்தான் இரண்டாம் பாகம். நாலு தடவை அறிவித்தார்கள். இயக்குநரும் தயாரிப்பாளரும் நாலு தடவை சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு போஸ்டர் வரும். கறுப்புப் பின்னணி, 'இரண்டு' என்ற எண், கீழே 'விரைவில்'. அந்த 'விரைவில்' பிறந்த வருஷம் பிறந்த குழந்தைகளுக்கு இன்று மீசை முளைத்துவிட்டது.

அக்கா 'சாத்தவில்லை' கட்சி. அவளுடைய கிளினிக்கில் வேர்ச் சிகிச்சை செய்துகொண்ட அத்தனை பேரும் அதே கட்சிதான், வேறு வழியில்லாமல்.

3

'சாத்தினாள்' கட்சிக்கு ஒரு தலைவி உண்டு. கல்லூரி விடுதியில் அக்காவோடு ஒரே அறையில் இருந்தவள். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்காரி, எனக்குக் கண்ணாடிக்கார அக்கா. பதினோரு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கட்டுரையில் இப்படி எழுதினேன்:

"ஒரு கற்பனைக் கதவைச் சாத்தினாளா இல்லையா என்ற தகராறில், நன்றாகப் படித்த இரண்டு பெண்கள் பதினோரு வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். ரசிக மனம் என்பது இதுதான்."

நல்ல பத்தி. சிரிப்பு வருகிறது, கொஞ்சம் குத்துகிறது, இதழுக்குப் பிடிக்கும். அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். பென்சிலால் ஓரத்தில் ஒரே சொல் எழுதித் திருப்பிக் கொடுத்தாள்: பொய்.

(எழுத்தாளன் உள்ள வீட்டில் பென்சிலை ஒளித்துவைக்க வேண்டும்.)

"எது பொய்க்கா?"

"சண்டை படத்துக்காக இல்ல."

"பின்னே?"

கைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடாமலே சொன்னாள்.

4

இந்தப் பகுதியை ஜாலியாக எழுத மூன்று தடவை முயன்றேன். முடியவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கண்ணாடிக்காரியின் அப்பா மூளையில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். செயற்கை மூச்சு. பதினெட்டாம் நாள், இனி நினைவு திரும்பாது, குழாயை எடுத்துவிடலாமா என்று டாக்டர்கள் கேட்டார்கள். ஒரே மகள். கையெழுத்துப் போடவேண்டியவள் அவள்தான். "இன்னும் ஒரு வாரம் பாருடி" என்றாள் அக்கா. அவள் பார்க்கவில்லை. அப்பாவின் கால்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டாள்.

அப்போது ஆஸ்பத்திரி நடைவழியில் வைத்து அக்கா சொன்னாளாம்: "நீ எப்பவுமே கதவைச் சாத்துற கட்சிதானே."

அவ்வளவுதான். ஒரே வாக்கியம். கண்ணாடிக்காரி உள்ளே போனாள். அக்கா வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அப்புறமும் நீ அந்தப் படத்தை விடலையே?" என்றேன். "ஜெயிக்கணும்னா காத்துட்டு இருந்தே?"

"தோக்கணும்னுடா."

எனக்குப் புரியவில்லை. முகத்திலிருந்து தெரிந்திருக்கும்.

"சாத்தினாள்னு படத்துல சொல்லிட்டா, நான் போன் பண்ணலாம்ல. 'நீ சொன்னதுதான்டி சரி'ன்னு. அதுல எல்லாமே அடங்கிடும். தனியா எதையும் சொல்ல வேண்டியிருக்காது."

கேட்டீர்களா? மன்னிப்புக் கேட்கக் கூசி, அந்த வேலையை ஒரு சினிமாக் கம்பெனியிடம் ஒப்படைத்திருக்கிறாள், அதுவும் நாலு தடவை தேதி தவறிய கம்பெனியிடம். இரண்டு கைகளும் நடுங்காமல் நாள் பூராவும் பல் பிடுங்குகிறவள்.

5

இதற்குமேல் நடந்ததைச் சொல்லுமுன், நடக்க வேண்டியது என்று நான் எழுதி வைத்திருந்த இரண்டு முடிவுகள்:

(அ) படத்தில் கதவு சாத்தப்படுகிறது. அக்கா கண்ணைத் துடைத்தபடி போனை எடுக்கிறாள்.

(ஆ) இருட்டில் பக்கத்து இருக்கையில் கண்ணாடிக்காரி. யாரும் திட்டமிடவில்லை! (இந்த மாதிரித் தற்செயல்களை விற்றுத்தான் பதினைந்து வருஷமாக என் பிழைப்பு ஓடுகிறது.)

நடந்தது: முதல் நாள் காலைக் காட்சி. பக்கத்து இருக்கையில் நான்தான். படம் தொடங்கி இருபதாவது நிமிஷத்தில் புது நாயகனிடம் ஒரு கிழவர் கேட்கிறார்: "அன்னைக்கு அந்தக் கதவு என்ன ஆச்சு?" அவன் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பழைய கதையை விடுங்க சார்" என்கிறான். பின்னால் ஒரு கிரகம் வெடிக்கிறது. தியேட்டரே விசில் அடித்தது. பிறகு இரண்டு மணி நேரம் துரத்தினார்கள், யார் யாரை என்று எனக்கு இன்னும் தெரியாது. கடைசியில் கறுப்புத் திரை. 'மூன்றாம் பாகம் விரைவில்.'

விளக்குப் போட்டார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. துடைப்பத்தோடு வந்த பெண் காலைத் தூக்கச் சொன்னாள், தூக்கினாள்.

"மூணாவது வரும்போது எனக்கு அறுபத்தி மூணு வயசு ஆகியிருக்கும்" என்றாள். பிறகு, "வண்டியை எடு."

"வீட்டுக்கா?"

"உன் கண்ணாடி லூசா இருக்குன்னு சொல்லிட்டே இருந்தியே."

நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

6

கடையில் ஒரு பெரியவர் நிலைக்கண்ணாடி முன் மூக்குக்கண்ணாடிச் சட்டங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரி மேசைக்குப் பின்னால் சின்னத் திருப்புளியால் ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. நிமிர்ந்தாள்.

"வாங்க. என்ன வேணும்?"

வாங்க. மூன்று வருஷம் ஒரே அறையில் ஒரே சீப்பால் தலை வாரியவளைப் பார்த்து 'வாங்க'. இதைவிடக் கடுமையான வசை ஒன்று எனக்குத் தோன்றவில்லை. என் கண்ணாடியைக் கழற்றி நீட்டினேன். "கால் லூசா இருக்குக்கா." அசைத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தானே தம்பி இருக்கு."

பெரியவர் ஒரு சட்டத்தைத் தேர்ந்தெடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு போனார். பிறகு அக்கா தொடங்கினாள்.

"இரண்டாம் பாகம் வந்திருக்கு, பார்த்தியா?"

(கடைசி நிமிஷத்திலும் படத்தின் பின்னால் ஒளிகிறாள், பாருங்கள்.)

"எதோட இரண்டாம் பாகம்?"

அவள் நடிக்கவில்லை. படத்தின் பெயரை அக்கா சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. "ஓ, அதுவா? அதெல்லாம் நான் எப்பவோ மறந்தாச்சு."

அக்காவின் முகத்தை எப்படி வருணிப்பது என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். பதினோரு வருஷம் வரிசையில் நின்று, கவுண்டருக்கு வந்ததும் 'அந்த ஆபீஸ் எப்பவோ இடம் மாறிடுச்சே' என்று சொன்னால் ஒருவர் முகம் எப்படி ஆகுமோ...

வேண்டாம், விடுங்கள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் சொன்னது தப்புடி" என்றாள் அக்கா. "சொல்லியிருக்கவே கூடாது."

கண்ணாடிக்காரி திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"நீ சொன்னதை நான் தினம் யோசிச்சேன். சரியா தப்பான்னு இன்னும் எனக்கே தெரியல. அதுகூடப் பரவாயில்ல. குழாயை எடுத்த பிறகு நாற்பது நிமிஷம் ஆச்சு. தனியா நின்னேன். வாயில வந்ததைச் சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போயிட்டே. என்ன வேணா திட்டியிருக்கலாம் நீ. திட்டிட்டு உள்ள வந்து நின்னிருக்கலாம்ல?"

எனக்கு இந்த இடத்தில் அக்காவுக்கு ஒரு வசனம் எழுதிக்கொடுக்கத் தோன்றவில்லை.

இரண்டு பெண்கள் மருந்துச்சீட்டோடு உள்ளே வந்தார்கள். கண்ணாடிக்காரி எழுந்தாள். போகிற போக்கில், திரும்பிப் பார்க்காமல், சொன்னாள்:

"கடை சாத்த ஆறு மணி ஆகும். இருக்கிறதுன்னா இரு."

7

அப்போது மணி இரண்டே கால். அக்காவுக்கு மாலையில் நாலு நோயாளிகள். அதில் ஒருவருக்குப் பல் பாதி குடைந்த நிலையில் இருந்தது. அவள் மூலை நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "கிளினிக்குக்குப் போன் போட்டு எல்லாரையும் நாளைக்கு மாத்திடு" என்றாள். வாசலில் நின்று போன் போட்டேன். பாதிப் பல்காரர் என்னைச் சொன்ன வார்த்தைகளை இதழில் அச்சிடமாட்டார்கள்.

இதழ் ஆசிரியர் முடிவு கேட்கிறார். இருவரும் பழையபடி ஆனார்களா, அழுதார்களா, ஆறு மணிக்குமேல் எங்கே போனார்கள்? அக்காவிடம் கேட்டேன். "உன் வேலையைப் பாருடா" என்றாள். கண்ணாடிக்கார அக்காவிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

நான் எழுத்தாளனாக நடந்துகொண்டிருந்தால் ஆறு மணிவரை எதிர்ச்சாரியில் நின்று பார்த்திருக்க வேண்டும். தம்பியாகிப் போனதால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். உங்களுக்கு அந்த உறவுத் தொல்லை எதுவும் இல்லை. வேண்டுமானால் நீங்கள் நின்று பாருங்கள்.