சாட்டுக்குச் சொல்லாமல் விட்ட முகவரி

வியாசர்பாடியிலிருந்து சிவந்தி கைக்குழந்தையோடு பஸ் ஏறி ராயபுரம் வந்ததே, நெல்சனின் ப்ரௌசிங் சென்டரில் கேமரா இருந்ததால்தான். அவள் கணவன் பகலவன் ஷார்ஜாவில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். மகள் மாயாவின் முகத்தை அவன் இன்னும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறையில் டவுனுக்கு வந்து, அங்கே ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். தங்கியிருக்கும் கேம்புக்குத் திரும்பும் வேன் வந்துவிட்டால் எழுந்து போக வேண்டியதுதான்.

இங்கே முகம் பார்த்துப் பேசும் சாட் திறக்கவே இல்லை.

"நெட்டு நல்லாத்தாம்மா கீது, பாரு" என்று நெல்சன் கிரிக்கெட் ஸ்கோரைத் திறந்து காட்டினான்.

"ஸ்கோரையா நான் பெத்துக்கினு வந்தேன்? புள்ளய காட்டணும்ணா!"

நெல்சனின் மனைவி ஜூடி சிரிப்பை அடக்கிக்கொண்டு, சிவந்தியின் மெயிலைத் திறந்து பார்த்தாள். பகலவன் எழுதியிருந்தான்: 'ஏன் வரல? என் மேல கோவமா?'

ஜூடி தாழ்ந்த குரலில் படித்ததும் சிவந்திக்குக் கண் கலங்கிவிட்டது. "கோவம்னா பஸ்ல இடிபட்டுக்கினு வருவனா? எழுதுக்கா. இங்கதான் கீறோம், எங்கியும் பூடாதன்னு எழுது."

மெயில் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் ஜூடிக்கு உறைத்தது. கடிதம் போகிறது, பேச்சு போகவில்லை. கோளாறு ஒயரில் இல்லை.

"ஏங்க, கூரை ஒழுவுதுன்னு எல்லாத்துக்கும் நெட்டு குடுக்குற சர்வர எடம் மாத்தி வெச்சீங்களே, அதோட அட்ரஸ் நம்பரும் மாறிச்சில்ல?"

"மாறிச்சு. எல்லா கம்ப்யூட்டர்லயும் நானே குந்திக்கினு மாத்தினேனே!"

"ப்ரௌசர்ல மாத்தினீங்க. சாட்டுல?"

நெல்சன் தலையைச் சொறிந்தான். காசிமேட்டிலிருந்து வீடு மாறியபோதும் இப்படித்தான். பால்காரருக்குச் சொன்னான், கோயிலில் சொன்னான், கேஸ்காரரை மறந்துவிட்டான். சிலிண்டர் பழைய வீட்டு வாசலுக்குப் போய்த் திரும்பியது.

சாட் இன்னும் பழைய நம்பரில்தான் சர்வரைத் தேடிக்கொண்டிருந்தது. ஜூடி புது நம்பரை அடிக்கப் போனவள், கையை நிறுத்தினாள். ப்ரௌசரில் உள்ள நம்பரையே எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு சின்னக் கட்டம் அங்கேயே இருந்தது. அதில் டிக் போட்டதும் சாட் திறந்தது.

பகலவனின் முகம் துண்டுதுண்டாக வந்து ஒன்றுசேர்ந்தது. மாயாவோ கன்னத்துத் திருஷ்டிப் பொட்டோடு அசந்து தூங்கினாள். சிவந்தி அவள் உள்ளங்காலைச் சுரண்டப் போனாள்.

"எழுப்பாத சிவந்தி" என்றது ஸ்பீக்கர். "தூங்கட்டும். இப்டியே பாக்குறேன்."

"வேன் வந்துடுமே?"

"ஹாரன் அடிச்சிக்கினுதான் கீறான். அடிக்கட்டும்."

ஜூடி ஓசையில்லாமல் எழுந்து, மற்ற கம்ப்யூட்டர்களிலும் அதே டிக்கைப் போட்டுக்கொண்டே போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை சிவந்திக்கு எந்த நாற்காலி கிடைக்குமோ. நெல்சன் பின்னாலேயே வந்தான்.

"இனிமே நம்பர் மாறினா ப்ரௌசர்ல மட்டும் மாத்தினா போதுமா?"

"போதும். சாட்டு அதப் பாத்துக்கினே வந்துடும்."

"அந்தக் கேஸ்காரனுக்கும் இப்டி ஒரு டிக்கு இருந்திருந்தா..."

அவன் முடிப்பதற்குள் பின்னால் ஒரு குட்டித் தும்மல் கேட்டது. ஸ்பீக்கர் அதிர்ந்தது:

"முழிச்சிட்டா! ஏய், முழிச்சிட்டாடீ!"