நாலு நாற்காலிக்காரர் வீட்டுச் சமாதானம்

"வாளியை மேஜை மேலேருந்து எடும்மா! இது ஆபீஸா, உன் வீட்டுக் குளியலறையா?"

"மொதல்ல உள்ள மிதக்கிறது என்னன்னு எட்டிப் பாருங்க. அப்புறம் எடுக்கிறேன்."

வார்டு உறுப்பினர் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். கோழி இறகு, கொஞ்சம் குடல், அடியில் பெயர் வைக்க முடியாத ஒரு கொழகொழப்பு. தையல்காரியின் குளியலறையில் சாக்கடை காலையிலேயே எதுக்களித்திருந்தது. அதை அப்படியே மொண்டு, தெருவே வேடிக்கை பார்க்க நடந்து வந்து, அவருடைய கோப்புகளுக்கு நடுவில் வைத்துவிட்டாள்.

"சந்தைக் கோழிக்கடைக் கழிவு என் வீட்டுக்குள்ள வருது. தைச்ச துணியெல்லாம் நாறுது. நேத்து ஒருத்தி ரவிக்கையை மோந்து பார்த்துட்டு என் மூஞ்சியில எறியாத குறை. இப்படியே போனா மெஷினை மூடிட்டு உட்கார வேண்டியதுதான்."

"கடை விஷயம்னா சந்தைச் சங்கத்துல சொல்லணும்."

"சங்கத் தலைவரே நீங்கதானே!"

"சாயங்காலம் அங்க வா, கேட்டுக்கிறேன். இந்த நாற்காலியில உட்கார்ந்து அந்த நாற்காலி வேலையைப் பார்த்தா தப்பும்மா. எனக்குன்னு ஒரு நேர்மை இருக்கு."

நேர்மையின் லட்சணத்தைக் கேளுங்கள். சாயங்காலம் சங்கத்தில் அதே மனிதர், வேறு சட்டை. "இது நகராட்சி விஷயமாச்சே, உறுப்பினருக்கு எழுதிப் போடுறேன்" என்றார். கடைக் கட்டடம் பிரார்த்தனைக் கூடத்துச் சொத்து என்று அங்கே ஓடினால், கூடத்துத் தலைவரும் அவரே. பொறுமையைப் பற்றிக் கண் கலங்கப் பேசி அனுப்பினார். கலைமன்றத்துப் பிள்ளைகள் சாக்கடையை வைத்து நாடகம் போடக் கேட்டபோது, "கலைன்னா மணக்கணும்" என்று மறுத்த மன்றத் தலைவர் யாரென்று வேறு சொல்ல வேண்டுமா? நாலு நாற்காலிக்காரர் என்று தெரு அவருக்குச் சும்மா பெயர் வைக்கவில்லை. கோழிக்கடை யாருடையது என்பதையும் சொல்லிவிடலாம். அவர் மனைவியின் தம்பியுடையது.

தையல்காரியின் புருஷன் பஸ் கண்டக்டர். வேலை முடிந்து வந்தால் வாசலில் நின்றபடியே, "இன்னைக்கு இறகா, குடலா?" என்பான். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு வரவில்லை. ஊசியில் நூல் கோக்குமுன் விரலை முகர்ந்து பார்க்கும் பழக்கம்தான் வந்தது.

வாளிக் கதை ஊரெல்லாம் பரவி, பத்திரிகைக்காரன் ஒருவன் படமும் போட்டுவிட்டான். நாற்காலிக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரே கையில எல்லா அதிகாரமும் இருக்கக்கூடாது" என்று மைக் பிடித்து முழங்கினார். பிரித்தும் கொடுத்தார். அடுத்த தேர்தலில் வார்டு மனைவிக்கு. சங்கம் மைத்துனனுக்கு. கலைமன்றம் மைத்துனன் பெண்டாட்டிக்கு. பிரார்த்தனைக் கூடத்தை மட்டும் பணிவோடு தன்னிடமே வைத்துக்கொண்டார். ஆக, அதிகாரம் அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. குடலும் வருவதை நிறுத்தவில்லை.

நிறுத்தியது நாத்தனார் சண்டை. கலைமன்ற விழாவில் மைத்துனன் பெண்டாட்டி, புது உறுப்பினரம்மாவைத் தூணுக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டாள்.

"நான் இந்த வார்டு உறுப்பினர்டி!"

"ஆபீஸ்ல இருந்துக்கங்க அண்ணி. மேடை என்னோடது."

"உன் புருஷன் கடை யாரோடதுன்னு நாளைக்குக் காட்டுறேன் பாரு."

காட்டினாள். மறுநாள் சுகாதார அதிகாரிகள் வந்து கடைக்குச் சீல் வைத்தார்கள். தம்பிக்காரன் கடுப்பில், சந்தையிலிருந்து பிரார்த்தனைக் கூடத்துக்குப் போகும் நன்கொடையை நிறுத்தினான். கூடத்தில் அக்கா புருஷன் பேராசைக்காரர்களின் பாவத்தைப் பற்றி உரையாற்றினார். உடனே கலைமன்றம் அந்த நாடகத்துக்கு அனுமதி கொடுத்தது. அதில் வயிற்றில் தலையணை கட்டிய ஒரு பக்திமான் வேறு. நாலு பேரும் ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க, சாக்கடையில் வெறும் தண்ணீர் ஓடியது.

தையல்காரி ஜன்னலைத் திறந்து வைத்தாள். போன வாடிக்கையெல்லாம் திரும்பி வந்தது. "அந்தக் குடும்பம் ஒண்ணு சேரவே கூடாதுன்னு வேண்டிக்கிறேங்க. நினைச்சா அசிங்கமாத்தான் இருக்கு" என்றாள் புருஷனிடம்.

"சத்தமா வேண்டிக்க" என்றான் அவன்.

ஒருநாள் மைத்துனன் மகள் கல்யாண உடுப்புக்கு அளவு கொடுக்க வந்தாள்.

"மாப்பிள்ளை யாரும்மா?"

"அத்தை பையன்தான்க்கா. வீட்டுல எல்லாரும் ராசியாயிட்டாங்க."

இடுப்பைச் சுற்றிய அளவு நாடாவை அப்படியே விட்டுவிட்டுத் தையல்காரி வார்டு ஆபீசுக்கு ஓடினாள். உறுப்பினரம்மா இனிப்பு நீட்டினாள்.

"கடைக்கு வச்ச சீலை எடுத்திடுவீங்களா?"

"காலையிலேயே எடுத்தாச்சு. சம்பந்தி ஆயிட்டோம். சம்பந்திக்கே நோட்டீஸ் அனுப்பினா ஊர் சிரிக்காதா?"

"என் வீட்டுக்குள்ள குடல் வந்தா சிரிக்காதாங்க?"

"ஏம்மா, ஒரு குடும்பம் ஒண்ணு சேர்றது உனக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்கல" என்றாள் தையல்காரி. இனிப்பைத் தொடவில்லை.

வீடு திரும்புவதற்குள் குளியலறை எதுக்களித்துவிட்டது. கல்யாணத் துணியை வெட்டாமலே திருப்பி அனுப்பினாள். அந்த மாதமே மெஷினையும் புருஷனையும் கூட்டிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குக் குடிபோனாள். வாடகை அதிகம், வாடிக்கையைப் புதிதாகப் பிடிக்க வேண்டும்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பிரார்த்தனைக் கூடத்தில் மாமனார் ஆசீர்வதித்தார், வார்டு ஆபீசில் மாமியார் பதிவு செய்தார், கலைமன்றத்தில் விருந்து, கறி பெண்ணின் அப்பா கடையிலிருந்து. மாப்பிள்ளை இப்போது சங்கச் செயலாளர்.

புதுத் தம்பதி குடியேறியிருப்பது மேட்டுத் தெருவில், தையல்காரிக்கு ரெண்டு வீடு தள்ளி. கீழே சந்தைப் பக்கம் நாற்றம் தாங்க முடியவில்லையாம்.