சங்குக்குள் அடைபட்ட ஆறு

மங்கம்மா வண்டி கட்டிக்கொண்டு ஓசூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தது புருஷனை வீட்டுக்கு அழைத்துப் போகத்தான். பெருமாளின் கால் எலும்பு கூடிவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. டாக்டரம்மாவும் போகலாம் என்று சொல்லிவிட்டார். உத்தனப்பள்ளியில் ராகிக்கதிர் முற்றி அறுப்புக்கு நின்றது. ஆனால் பெருமாள் அவள் தலையைக் கண்டதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான்.

"இன்னும் வலிக்குது மங்கம்மா. ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்."

"எந்தக் கால்ல?"

"இதோ, இதுலதான்."

அவன் பிடித்திருந்தது உடையாத கால். பக்கத்துக் கட்டில் நஞ்சப்பா, ஆனேக்கல்காரர், போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

விஷயத்தை நர்ஸ் ஜெபசீலிதான் உடைத்தாள். மத்தியானம் வேலை ஓய்ந்ததும் அவள் அந்த வார்டில் ஒரு கதைப் புத்தகத்தை உரக்கப் படிப்பது வழக்கம். ஒரு மந்திரவாதி ஒரு நாட்டின் ஆற்றையே சங்குக்குள் அடைத்துத் தூக்கிப் போய்விடுகிறான். அரண்மனைக் குதிரைக்காரன் ஒருவன், பேசுகிற கரடி ஒன்றைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, அந்தச் சங்கைத் தேடிப் புறப்படுகிறான். கதை மூன்று பாகம். இரண்டு முடிந்துவிட்டது. கடைசிப் பாகத்தை பெங்களூரில் இருக்கும் அவள் தம்பி அன்று காலை பஸ்ஸில்தான் கொடுத்தனுப்பியிருந்தான்.

"கதைக்காகவா இந்த நடிப்பு?" என்றாள் மங்கம்மா.

"கரடி பாழுங்கெணத்துல கெடக்குது. அத அப்படியே உட்டுட்டு எப்படி வரது?"

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நஞ்சப்பா முதல் கம்பவுண்டர் வரை எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு அத்தியாயம். அதுக்கு மேல மாடு நிக்காது" என்று சொல்லிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

ஜெபசீலி படிக்கத் தொடங்கினாள். கடினமான இடம் வந்தால் நஞ்சப்பாவுக்காகக் கன்னடத்திலும் ஒருமுறை சொன்னாள். கிணற்றுக்குள்ளிருந்து கரடி குரல் கொடுத்ததும் மங்கம்மா கையை உயர்த்தினாள்.

"கரடிக்கு யாரு பேச்சு கத்துக்குடுத்தது?"

"அது ரெண்டாம் பாகத்துல" என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

அத்தியாயம் முடிந்தது. ஜெபசீலி புத்தகத்தை மூடி, "மாடு நிக்குதே அக்கா" என்றாள். மங்கம்மா எழுந்து வெளியே போனாள். மாடுகளை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டி, வைக்கோல் உதறிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"படிங்க நர்சம்மா."

குதிரைக்காரன் கையில் சங்கு கிடைத்தது. அதை உடைத்தால் ஆறு திரும்பும். ஆனால் மந்திரமெல்லாம் அற்றுப்போய்க் கரடியின் பேச்சு நின்றுவிடும். கல்லை ஓங்கியவன் அப்படியே நின்றான். "உடை. இத்தனை நாள் நான் பேசியது போதாதா?" என்றது கரடி. பெருமாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மங்கம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சங்கு உடைந்தது, ஆறு பாய்ந்தது, ஊர் ஜனமெல்லாம் கரைக்கு ஓடிவந்தார்கள்.

"முன்னாடியே கால்வாய் வெட்டி வெச்சிருக்கணும்" என்றாள் அவள். "இத்தன தண்ணியும் வீணாப் போவுது."

வெயில் தாழ்ந்தபோது பெருமாள் யார் கையும் பிடிக்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். நஞ்சப்பா ஜன்னலிலிருந்து கையாட்டினார். ராயக்கோட்டைச் சாலைக்கு வந்ததும் மங்கம்மா மூக்கணாங்கயிற்றைத் தளரவிட்டாள்.

"இப்ப மொதல் பாகத்தச் சொல்லுங்க."

"முடிவுதான் கேட்டுட்டியே?"

"அந்தக் கரடிய இவன் எங்க பாத்தான்னு எனக்குத் தெரியவேணாமா?"

பெருமாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான். கரடியின் முதல் பேச்சை அவன் அதன் குரலிலேயே சொல்லிக் காட்ட, அவள் சிரித்த சிரிப்பில் மாடுகள் மிரண்டு நின்றன. அவற்றைத் தட்டிக்கொடுத்து, "மெதுவாப் போங்கடா" என்றாள். ஊர் எல்லை வந்தபோது குதிரைக்காரன் இன்னும் முதல் மலையைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.