வண்டி அவள் பேரில்தான்

"சிரிச்ச முகமா இரு. போன வருஷ போட்டோவுல ஆஸ்பத்திரியில நம்பர் கூப்பிடக் காத்திருக்கறவ மாதிரி இருந்தே" என்றாள் மாமியார்.

"இந்தத் தடவை சிரிக்கிறேன் அத்தை."

பெண்களுக்கு மட்டும் பாதி விலையில் சரக்கு வண்டி தருகிற திட்டம் அது. ஓட்டக் கற்று, உரிமம் எடுத்த பெண்ணின் பேரில்தான் கொடுப்பார்கள். அவள் கற்றாள், உரிமமும் எடுத்தாள். வண்டி வந்த அன்றே சாவி கணவனின் சட்டைப்பைக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து அவன் சொந்த வண்டிக்காரன். அவள் பழையபடி குளிர்பானக் கிடங்கில் காலி பாட்டில் கழுவப் போனாள். வருஷத்துக்கு ஒரு நாள், மேற்பார்வைக்கு ஆள் வந்து போட்டோ எடுக்கும்போது மட்டும், சாவி அவள் கைக்கு வரும்.

இந்த முறை வருவது ஒரு பெண் அதிகாரி, தனியாக வைத்துக் கேட்பாராம் என்று தெரிந்ததிலிருந்து, பாட்டில் கழுவிக்கொண்டே அவள் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தாள். 'வண்டியை நான் ஓட்டணும் மேடம்.'

அதிகாரி வந்ததும் நேராக வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "ஒரு சுத்து போயிட்டு வரலாம். நாம ரெண்டு பேர் மட்டும்."

"அவ கொஞ்சம் பயந்த சுபாவம் மேடம்" என்றான் கணவன். "நான் பின்னாடி நின்னுக்கறேனே?"

"டிரைவர் அவங்கதானே? டிரைவருக்கே பயம்னா நான்ல இறங்கணும்?"

அவன் அசடு வழிந்து ஒதுங்கினான்.

தெருமுனையில் வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. பக்கத்தில் பைக்கில் வந்த ஒருவன், "அக்கா, பிரேக்கு நடுவுல இருக்கும், தேடிப் பாருங்க!" என்றான்.

"உன் வாய்க்கும் ஒரு பிரேக்கு வாங்கி மாட்டுடா!" என்றாள் அவள்.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவளுக்குத் தைரியம் வந்தது. எதிரே வந்த லாரிக்கு அளவாக ஒதுங்கி, சந்தைத் தெருவைச் சுற்றி, ஒரு மதிலோரமாக நிறுத்தினாள்.

"மேடம், தினமும் ஓட்டறது அவர்தான். வண்டியை நான் ஓட்டணும். சாவியை எனக்கு வாங்கிக் கொடுங்க."

அதிகாரி பேனாவை மூடினார். "நான் இப்படி எழுதினா வண்டியை எடுத்துட்டுப் போயிடுவாங்கம்மா."

"எடுத்து எனக்குத்தானே தருவீங்க?"

"உங்க பேர்லதானே ஏற்கெனவே இருக்கு? நீங்க ஓட்டலைன்னுதான் எடுக்கறாங்க. வரிசையில அடுத்த பொம்பளைக்குப் போகும்."

"அவளாவது ஓட்டுவாளா?"

அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்தார். "அவ புருஷன் ஓட்டுவான். போன வருஷம் சிலர் உங்களை மாதிரியே உண்மையைச் சொன்னாங்க. வண்டி போச்சு. ஒருத்திக்கு வீடும் போச்சு, புருஷன் துரத்திட்டான். இன்னும் கொஞ்சம் பேர் சொன்னா, பொம்பளைங்களுக்கு வண்டி கொடுத்தது தண்டம்னு திட்டத்தையே இழுத்து மூடிடுவாங்க."

"அப்ப நீங்க எதுக்கு மேடம் தனியா கூட்டிட்டு வந்து கேக்கறீங்க?"

"கேக்கச் சொல்லியிருக்காங்க" என்றார் அதிகாரி. "என்ன எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க."

மகளின் பள்ளிக்கூடம் அந்த வண்டியை நம்பித்தான் நடந்தது. பாட்டில் கழுவும் கூலி வாடகைக்கே பற்றாது.

"தினமும் நானே ஓட்டறேன்னு எழுதிக்கங்க."

வீட்டு வாசலில் இறங்கும்போது அதிகாரி கணவனிடம், "நிஜமாவே நல்லா ஓட்டறாங்க. அடுத்த மாசம் பயிற்சியில புதுசா சேர்ற பொண்ணுங்க முன்னாடி இவங்க வந்து பேசணும்" என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் போனதும் கணவன் சாவிக்குக் கையை நீட்டினான்.

"இன்னைக்கு ஒரே ஒரு லோடு நான் எடுக்கட்டுமா? நீங்க பக்கத்துல உக்காந்து வாங்க."

"நீ ஓட்டி நான் பக்கத்துலயா? சந்தையில என் மூஞ்சியை எங்க கொண்டு போய் வெச்சுக்கறது?" அவன் கோபப்படவில்லை, நல்ல நகைச்சுவையைக் கேட்டவன் மாதிரி சிரித்தான். அவள் சாவியைக் கொடுத்தாள்.

சாயங்காலம் அவள் பாத்திரம் தேய்க்க, அவன் சமையலறை வாசலில் உட்கார்ந்து பாடம் எடுத்தான்.

"புதுப் பொண்ணுங்க கேள்வி கேப்பாங்க. முழிக்கக் கூடாது. காலைல முதல் லோடு எங்க?"

"தெரியாதே."

"பாலம் தாண்டி சிமெண்ட் கிடங்கு. சொல்லு."

"பாலம் தாண்டி சிமெண்ட் கிடங்கு. இடது பக்கமா, வலது பக்கமா?"

"இடது. தினமும் போற வழி உனக்கு, தடுமாறாதே. திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தா?"

"நீங்க என்ன செய்வீங்க?"

"டீக்கடையில உக்காந்து நாலு பேர்கிட்ட பேசிட்டிருப்பேன்."

"நான்?"

அவன் தலையைச் சொறிந்து யோசித்தான். "வண்டியிலயே உக்காந்திருப்பேன்னு சொல்லு."

"வண்டியிலயே உக்காந்திருப்பேன்."

"ம். அடுத்தது."