இடது கால்

மூன்றாவது நாளும் அதே இடத்தில்தான் விழுந்தான் பூபதிராஜா. மாரியம்மன் கோயிலுக்கு முன்னால், வேகத்தடை மேல். சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தது. கால் பெடலை விடவில்லை. முழங்கை தார்ச்சாலையில் தேய்ந்தது. படுத்தபடியே குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினான், டக்கென்று கழன்றது. விழுந்த பிறகு கழல்வதில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

கோயிலைத் தாண்டி இருக்கும் பால் சொசைட்டியில் கேன் கழுவிக்கொண்டிருந்த மருதாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங் தம்பி, நாங்கெல்லாம் நோம்பிக்கு ஒருக்காத்தான் ஆத்தா முன்னால உளுந்து கும்படறோம். நீங்க தெனமுமுங்களா?"

"கும்படலீங்க்கா. காலு கழலல."

சைக்கிள் அவன் மனைவி செல்வப்பிரியாவுடையது. எருத்தேன்பதியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் வரை காலையில் போய்த் திரும்புவாள். ஷூவின் அடியில் ஒரு இரும்புத் துண்டு இருக்கும், அது பெடலில் பூட்டிக்கொள்ளும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் கழலும். மிதிக்கும்போது மட்டுமல்ல, காலைத் தூக்கும்போதும் சக்கரம் சுற்றும் என்பாள். அவனுக்கும் அதே மாதிரி ஒரு ஜோடி வாங்கி வைத்தாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஒரு வருடம் தள்ளினான். மாசியில் காய்ச்சல் என்று படுத்தாள். ஆறாம் நாள் ஆம்புலன்ஸில் உடலைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஷூ பெட்டியிலேயே இருந்தது.

போன வாரம் மாமனார் அர்த்தநாரி பொள்ளாச்சியிலிருந்து போன் செய்தார். நகையைப் பற்றியோ துணிகளைப் பற்றியோ அவர் எதுவும் கேட்டதில்லை. சைக்கிளை மட்டும் கேட்டார். "மாப்ள, நீங்க ஓட்டறதுன்னா வெச்சுக்கங்க. செவுத்துல சாத்தி வெக்கறதுக்குன்னா வேண்டாமுங்க. சின்னவ ஓட்டட்டும். ஞாயித்துக்கெழம வர்றேன்." ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டான். யோசித்துச் சொல்லவில்லை. அவள் போன இந்த எட்டு மாதத்தில் அவன் வேண்டும் என்று சொன்னது அது ஒன்றைத்தான்.

களத்தில் ஓட்டினால் விழவில்லை. தென்னந்தோப்பு வளைவில் விழவில்லை. கோயிலுக்கு முன்னால் மட்டும் விழுந்தான். பெடல் ஸ்பிரிங்கைத் தளர்த்திப் பார்த்தான். சீட்டை இறக்கிப் பார்த்தான். எரிச்சலில் ஒருமுறை பம்பைத் தூக்கி எறிந்தான், பிறகு அவனே போய்ப் பொறுக்கி வந்தான்.

சனிக்கிழமை நான்காம் முறை விழும்போது பார்வை காலின் மேல் இருந்தது. வேகத்தடை வந்ததும் இடது கால் மிதிப்பதை நிறுத்தியது. விரல்கள் மடங்கின. குதிகால் நேராகப் பின்னால் இழுத்தது, செருப்பை உருவுவதற்கு இழுப்பதுபோல. அந்த ஊரில் வண்டியில் போகிற எல்லோரும் செய்வதுதான். கோயிலைத் தாண்டும்போது ஒரு கால் செருப்பை விட்டு வெளியே வரும், ஒரு கை நெஞ்சைத் தொடும். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு நாளும் கோயிலுக்குள் போய் நின்றான். அதன்பின் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. கையை நிறுத்தியிருந்தான். காலுக்குச் சொல்லவில்லை.

சாலையிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஞாயிறு காலை சொசைட்டி வாசலில் குட்டியானை வண்டி நின்றது. பக்கத்தில் அர்த்தநாரி, கையில் நூல் கயிறு, சைக்கிளை வண்டியில் கட்டுவதற்கு. சைக்கிளோடு வீட்டில் காத்திருந்திருக்கலாம். சாலைக்கு எடுத்து வந்துவிட்டான். வேகத்தடை தெரிந்ததும் இடது தொடை இறுகியது. கும்பிட மாட்டேன் என்று அதனிடம் சொன்னான். கேட்கவில்லை. பத்தடி இருக்கும்போது அதற்கு முந்திக்கொண்டு குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினான். டக்.

கால் வெளியே வந்தது. சைக்கிள் வேகத்தடையில் ஏறி இறங்கியது. கோயில் வாசல் முழுக்க இடது கால் பெடலைத் தொடாமல் காற்றில் தொங்கிக்கொண்டு கடந்தது. அவன் சாலையை மட்டும் பார்த்தான்.

மாமனாரின் பார்வை அவன் முகத்தில் இல்லை, காலில் இருந்தது. கயிற்றைச் சுருட்டவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. நின்றால் மறுபடி கிளம்ப வேண்டும், கிளம்பினால் விழலாம். நிற்காமல் அவரைத் தாண்டினான். இப்போது காலைத் திரும்பப் பூட்ட வேண்டும். ஷூவின் இரும்பு பெடலில் உரசியது, வழுக்கியது, மறுபடி உரசியது. வேகம் குறைந்துகொண்டே வந்தது. வலது கால் மட்டும் மிதிக்க, செக்போஸ்ட் போகும் சாலையில் சைக்கிள் இப்படியும் அப்படியும் அலைந்து போனது. அந்த டக் சத்தம் இன்னும் வரவில்லை.